சிறுநீர்க் குழாய்: அலை நின்றுபோகும் இடம்

விரிந்திருப்பது மேலே, கோளாறு கீழே. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காத்திருப்பதே சிகிச்சை. ஆனால் காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது.

திருவனந்தபுரம் வலியசாலையின் பழைய தமிழ்த் தெருவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பிறந்து சில வாரமே ஆன ஆண் குழந்தையின் ஸ்கேன் அறிக்கையில் 'மெகாயூரிட்டர்' என்று இருக்கிறது. குழந்தையோ நன்றாகப் பால் குடிக்கிறது, சிரிக்கிறது. பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை; அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய் அளவு மீறி விரிந்திருப்பதற்குத்தான் இந்தப் பெயர். குழந்தைகளுக்கு அதன் விட்டம் 5 மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். 7 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஆண் குழந்தைகளிடமும் இடது பக்கத்திலும் இது அதிகம்.

சிறுநீர் தானாக வழிந்து இறங்குவதில்லை. குழாயின் தசைச் சுவர் அலை அலையாகச் சுருங்கி அதைத் தள்ளுகிறது. அடைப்பு வகையில், சிறுநீர்ப்பையை ஒட்டிய கடைசிச் சிறு துண்டில் அந்த அலை நின்றுவிடுகிறது. துவாரம் இருந்தும் துண்டு இயங்குவதில்லை. தேங்கும் சிறுநீர் மேலே உள்ள குழாயை விரிக்கிறது.

அறுவையில் அகற்றிய துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காரணம் ஓரளவு புரிகிறது. தசை நார்களுக்கிடையே கொலாஜன் என்ற நார்ப்பொருள் மண்டிக் கிடக்கிறது. சிலவற்றில் தசையே குறைவு. 1906ல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் விஞ்ஞானி காஹால் பெயரால் அழைக்கப்படும், சுருக்கத்துக்குத் தாளம் கொடுக்கும் செல்களும் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

ஆறுதலான விஷயம், பிறந்த பிறகும் இந்தத் திசு வளர்ந்து முதிர்கிறது என்பது. அதனால் பல குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகளில் விரிவு தானே குறைகிறது. அதுவரை குறித்த இடைவெளியில் ஸ்கேன் தேவை. அந்தச் சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, சரிந்துகொண்டே போனாலோ, விரிவு கூடினாலோ, காய்ச்சலோடு தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ அறுவை பற்றி யோசிக்கிறார்கள். இயங்காத துண்டை நீக்கி, தேவையானால் குழாயைக் குறுக்கி, சிறுநீர்ப்பையில் மறுபடி பொருத்துவார்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இப்படிப்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், 'பல் முளைக்கிறது' என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்ல வேண்டும். குழாயின் விரிவு குறையலாம். தொற்றால் சிறுநீரகத்தில் விழும் தழும்பு மறைவதில்லை.