முதலில் புரொப்பெல்லர், பிறகு என்ஜின்

பிம்ப்ரியில் ஒரு புஸ் மாத் – 6

இறக்கையின் கடைசி விலா ஒட்டிக் காய்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கூடு தயார். இனி என்ஜின். ஏரோமாடலிங்கில் இறங்குகிறவர்களின் பணம் அதிகம் கரையும் இடம் இதுதான். "எத்தனை சி.சி. போடப்போறீங்க?" என்பதுதான் பார்க்கிறவர்களின் முதல் கேள்வி. அது கடைசியில் வரவேண்டிய கேள்வி என்பது என் கட்சி.

அசல் விமானத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். டி ஹாவிலண்ட் புஸ் மாத். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்கு ஜே.ஆர்.டி. டாடா தபால் மூட்டையோடு ஓட்டிவந்தது இந்த வகை விமானத்தைத்தான். அந்தத் தபால் நெவில் வின்ட்சென்ட் கையில் பெல்லாரி வழியாகச் சென்னை வரை போனது. டாடா மோட்டார்ஸ் ஆலையின் மதிலை ஒட்டியே அன்றாடம் போய்வரும் பிம்ப்ரிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் வேறு என்ன இருக்கிறது? நாசிக் பாட்டாவில் ஏறி இறங்கும் மேம்பாலத்துக்கும் ஜே.ஆர்.டி. பெயர்தான்.

அதன் மூக்கில் இருந்தது ஜிப்ஸி III. பிராங்க் ஹால்ஃபோர்டு வடிவமைத்த ஜிப்ஸி வரிசையைச் சேர்ந்தது, 120 குதிரைத்திறன். நான்கு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தலைகீழாகத் தொங்கும். கிராங்க் ஷாஃப்ட் மேலே, சிலிண்டர் தலைகள் கீழே. இதனால் புரொப்பெல்லரின் அச்சு உயரத்துக்குப் போனது, மூக்கின் மேல்பக்கம் தாழ்ந்தது, விமானிக்கு முன்னால் வானம் தெரிந்தது. இந்த ஒடுங்கிய, கீழே தொங்கும் மூக்குதான் புஸ் மாத்தின் முகம். சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முகமே கெட்டுவிடும்; அதனால் நம் என்ஜினையும் தலைகீழாகவே பொருத்துவோம்.

இப்போது கணக்கு. நம் மாதிரி அசலில் கால் பங்கு அளவு. அசலின் இறக்கை 11.2 மீட்டர், நமக்கு 2.8 மீட்டர். எடை அப்படிக் குறையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் கால் பங்காவதால் 64-இல் ஒரு பங்காகும். 930 கிலோ விமானம் பதினான்கரை கிலோவுக்கு வந்துவிடும். பறக்கும் வேகம் பாதி. எடை 64-இல் ஒன்று, வேகம் இரண்டில் ஒன்று என்றால், தேவைப்படும் திறன் 128-இல் ஒன்று. 120-ஐ 128-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன்கூட முழுசாக வரவில்லை!

நடைமுறையில் இது போதாது. சின்ன இறக்கைக்குக் காற்று அசலுக்குக் கொடுத்த அளவு ஒத்துழைப்பைக் கொடுப்பதில்லை. சின்ன புரொப்பெல்லரும் திறனை வீணாக்கும். தரையிறங்கும்போது எதிர்க்காற்று தூக்கியடித்தால் மறுபடி மேலேற இருப்பு வேண்டும். இரண்டு, மூன்று குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த அளவு மாதிரிக்கென்று பலர் வாங்கும் 55 சி.சி. டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள் ஐந்துக்கும் மேலே போகின்றன. "இருக்கட்டுமே, த்ராட்டிலைக் குறைத்து ஓட்டினால் போச்சு" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முழு திறன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒருநாள் கை அதைத் தேடும். ஆரம்ப ஆண்டுகளில் நடுவானில் இறக்கை முறிந்து புஸ் மாத்கள் விழுந்திருக்கின்றன. அதன் மாதிரியைக் கட்டுகிறவன் வேகத்துக்கு ஆசைப்படக் கூடாது.

சரி, புரொப்பெல்லரைக் கேட்போம். அசலுடையது ஆறடிக்குச் சற்று மேல். கால் பங்கு என்றால் 19 அங்குலம். கிடைக்கும் அளவில் 20 அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றில் ஏட்டளவில் முன்னேறும் தூரம்) 10 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஏட்டுக்கணக்கு வேகம் மணிக்கு 91 கி.மீ. அசலின் பயண வேகத்தில் பாதி இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆக நமக்கு வேண்டியது, பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றும் என்ஜின். 40 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின் இதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். சத்தமும் பழைய விமானத்துக்குப் பக்கத்தில் வரும். டூ-ஸ்ட்ரோக்கின் ரம்பச் சத்தம் இருக்காது.

மெத்தனாலில் ஓடும் குளோ என்ஜின் வேண்டாம். மெத்தனால் நச்சுப்பொருள், விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு. மழைக்காலத்தில் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரி மோட்டாரை மறுக்க எனக்குக் காரணம் குறைவு. அதிர்வில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை, பேட்டரியின் கனமே மூக்குக்கு எடை கொடுக்கும். ஆனால் சேத்தக் ஸ்கூட்டர்களைச் செய்த ஆகுர்டி கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில், பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் விகிதத்தைத் தூக்கத்திலும் சொல்லும் மெக்கானிக்குகள் நடுவே, என்ஜின் சத்தமில்லாத புஸ் மாத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு எச்சரிக்கை: பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பறந்து முடித்ததும் டாங்கியைக் காலி செய்து, கார்புரேட்டர் வறளும்வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். தேங்கும் எத்தனால் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வைக் கெடுக்கும்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்று கொஞ்சம் மெலிசு, திறனில் ஐந்து சதவீதம் போல இழப்போம். கவலைப்பட ஒன்றுமில்லை. டிசம்பர் குளிரில் திருகிவைத்த கார்புரேட்டர் ஊசியை ஏப்ரல் வெயிலில் மறுபடி பார்க்கவேண்டும், அவ்வளவே.

கவலைப்பட வேண்டியது தலைகீழ் சிலிண்டரைப் பற்றி. நிறுத்திவைத்த நேரத்தில் எண்ணெயும் பெட்ரோலும் கீழே இறங்கி சிலிண்டர் தலையில் தேங்கும். அதனால் இக்னிஷனை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்கள். வழக்கமான அழுத்தம் ரப்பர் போல விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்காமல் கல்லில் முட்டியது போல நின்றால், உள்ளே திரவம் நிற்கிறது. பலம் காட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி வடியவிடுங்கள். இதைப் பார்க்காமல் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இன்னொன்று, குளிர்ச்சி. மூக்கின் முன் துளை வழியே வரும் காற்று சிலிண்டரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகத்தான் பார்க்கும். ஜிப்ஸியிலேயே தகடுகள் வைத்துத்தான் காற்றைச் சிலிண்டர்களுக்கு நடுவே திருப்பினார்கள். நாமும் மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, ஃபின்களை ஒட்டி வளைக்கவேண்டும். காற்று வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிடப் பெரிதாக, ஏறத்தாழ இரண்டு மடங்காக இருக்கட்டும்.

போசரி எம்.ஐ.டி.சி.யில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. என்ஜினைத் தாங்கும் நான்கு அலுமினியத் தூண்களைக் கடைவது, மூக்கை எத்தனை டிகிரி வலப்பக்கம் திருப்பிப் பொருத்துவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.