சங்கக் கணக்கில் கணினி: சில நடைமுறை யோசனைகள்

நெசவாளர் சங்கமாயினும், விவசாயிகளின் விற்பனைச் சங்கமாயினும் அதற்கு உயிர்நாடியாக இருப்பது கணக்கு. 1904-ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதல் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்ட நாள் தொட்டு, அங்கத்தினரின் நம்பிக்கையைத் தாங்கி நின்றது பேரேடே ஆகும். இன்று அப்பேரேட்டின் இடத்தில் கணினி வந்து அமர்ந்திருக்கிறது. பல சங்கங்களில் கூலிப் பட்டியலும் இருப்புக் கணக்கும் எக்செல் என்னும் விரிதாளில் எழுதப்படுகின்றன. ஆனால் கணினியை வாங்கியதாலேயே வேலை குறைந்துவிடுவதில்லை, கணக்குச் சரியாகிவிடுவதுமில்லை. அதைப் பயன்படுத்தும் முறையை அறிந்துகொண்டால்தான் அவ்விரண்டும் கைகூடும்.

நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறுவது பொருந்தும். ஒரு நெசவாளர் சங்கத்தில் அவ்வாரக் கூலிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்த முதியவர் ஒருவர் எழுத்தரிடம் வந்து, "தம்பி, நான் கொடுத்தது ஆறு சேலை. இதில் இரண்டு என்றல்லவா இருக்கிறது?" என்றார். "ஐயா, கணினி தப்புச் செய்யாது" என்றார் எழுத்தர். முதியவர் மறுமொழி கூறாமல் தமது பாஸ் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அதில் ஆறு என்றே இருந்தது. சேலைக்குக் கூலி 650 ரூபாய். ஆக, அவருக்குக் குறைந்தது 2,600 ரூபாய். ஆராய்ந்து பார்த்ததில் பட்டியலில் ஏறக்குறைய எல்லோருடைய கூலியும் இடம் மாறியிருந்தது புலப்பட்டது.

காரணம் மிகச் சிறியது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பெயர்ப் பத்திக்கும் சேலை எண்ணிக்கைப் பத்திக்கும் இடையே ஒரு வெற்றுப் பத்தி விடப்பட்டிருந்தது. எழுத்தர் பெயர்களை அகர வரிசைப்படுத்தக் கட்டளையிட்டார். வெற்றுப் பத்தியோடு அட்டவணை முடிந்துவிட்டதாகக் கணினி கொண்டது. பெயர்கள் மட்டும் வரிசை மாறின. எண்ணிக்கையும் கூலியும் இருந்த இடத்திலேயே நின்றன. கணினி தனக்கு இட்ட கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றியது. பிழை கட்டளையில் இருந்தது.

இத்தகைய இடர்கள் நேராமலும், வேலை விரைவாக முடியவும் உதவக்கூடிய சில யோசனைகளைக் கீழே தருகிறோம்.

1. அட்டவணையின் அமைப்பு

முதல் வரியில் தலைப்புகள். அதன் கீழ் ஒரு வரிக்கு ஒரு நடவடிக்கை. இதுவே முதல் விதி. இடையில் வெற்று வரியோ வெற்றுப் பத்தியோ விடலாகாது. இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக இணைத்து அலங்காரம் செய்வதும் கூடாது. வரிசைப்படுத்தும்போது அவை தடையாக நிற்கும். அழகு வேண்டுமாயின் பத்தியின் அகலத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வரியிலும் அங்கத்தினர் எண் இருத்தல் வேண்டும். ஒரே ஊரில் முருகேசன் என்ற பெயருடையார் நால்வர் இருக்கலாம்; எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

அட்டவணைக்குள் ஒரு கட்டத்தில் நின்று கண்ட்ரோல் சாவியோடு டி என்ற எழுத்தை அழுத்தினால், எக்செல் அப்பகுதி முழுவதையும் ஒரே அட்டவணையாகப் பிணைத்துக்கொள்ளும். அதன் பின்னர் வரிசைப்படுத்தினால் ஒரு வரியிலுள்ள செய்திகள் யாவும் சேர்ந்தே நகரும். வியூ என்னும் பிரிவில் உள்ள ப்ரீஸ் பேன்ஸ் என்ற வசதியைக் கையாண்டால், முந்நூறாவது வரிக்குச் சென்றாலும் தலைப்பு வரி கண்முன் நிற்கும். எந்தப் பத்தியில் எதை எழுதுகிறோம் என்ற மயக்கம் நேராது.

2. எண் வேறு, எழுத்து வேறு

விவசாய அன்பர்களின் சங்கங்களில் சாதாரணமாக நேரும் பிழை ஒன்று உண்டு. எடைப் பத்தியில் "42 கிலோ" என்று எழுதிவிடுவார்கள். அதைக் கணினி எண்ணாகக் கொள்ளாது, எழுத்தாகவே கொள்ளும். கூட்டல் போடும்போது அந்த 42 சேராது; எச்சரிக்கையும் வராது. கிலோ என்பதைத் தலைப்பில் எழுதிவிட்டுக் கட்டத்தில் 42 என்று மட்டும் எழுத வேண்டும். எண் கட்டத்தின் வலப்புறமும் எழுத்து இடப்புறமும் ஒட்டி நிற்பது இயல்பு. பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாலே எது விலகி நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான ஆபத்து வங்கிக் கணக்கு எண்ணில் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காத்து வைக்கும். 16 இலக்கமுள்ள கணக்கு எண்ணை அப்படியே எழுதினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எண்ணின் முன்னே பூஜ்யம் இருந்தால் அதுவும் மறைந்துவிடும். அங்கத்தினரின் கூலி வேறு கணக்குக்குப் போகவோ, வங்கியிலிருந்து திரும்பி வரவோ இது ஒன்றே போதும். ஆகையால் கணக்கு எண்களை எழுதத் தொடங்குவதற்கு முன்பே அப்பத்தியை டெக்ஸ்ட், அதாவது எழுத்து வகை, என்று குறித்துவிட வேண்டும். எழுதிய பின் மாற்றினால் போன இலக்கம் திரும்பி வாராது.

தேதியிலும் கவனம் தேவை. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 5/6 என்பதை மே மாதம் ஆறாம் தேதி என்று கொள்ளும். நாமோ ஜூன் ஐந்து என்று எண்ணி எழுதியிருப்போம். தேதி அமைப்பை முதலிலேயே இந்திய முறைக்கு மாற்றிக்கொள்வதே தக்கது.

3. சூத்திரத்தின் பயன்

1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் பயின்று வந்தார். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய கணக்கு அட்டவணையில் ஓர் எண் மாறினால், அதைத் தொடர்ந்த எண்கள் யாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருந்ததை அவர் கண்டார். அதிலிருந்து பிறந்த எண்ணமே விரிதாள். அவரும் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 1979-இல் விற்பனைக்கு வந்தது. ஓர் எண் மாறினால் மற்றவை தாமே மாற வேண்டும் என்பதே விரிதாளின் அடிப்படை. ஆனால் நம்மில் பலர் கணக்குப் பொறியில் பெருக்கி, வந்த விடையை விரிதாளில் எழுதுகிறோம். இது மாட்டு வண்டியை வாங்கிவிட்டு மூட்டையைத் தலையில் சுமப்பது போலாகும்.

ஓர் உதாரணம் காண்போம். ஒருவர் 4 சேலை நெய்கிறார். கூலி சேலைக்கு 650 ரூபாய். சிக்கன நிதிப் பிடித்தம் நூற்றுக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கூலி 2,600, பிடித்தம் 208, கையில் பெறுவது 2,392. இம்மூன்று தொகைகளையும் கையால் எழுதலாகாது. சமக்குறியில் தொடங்கும் சூத்திரமாக முதல் வரியில் ஒருமுறை எழுதி, அக்கட்டத்தின் வலக்கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியை இருமுறை சொடுக்கினால், பட்டியலின் கடைசி வரை சூத்திரம் தானே இறங்கிவிடும்.

பிடித்த விகிதமாகிய நூற்றுக்கு 8 என்பதைச் சூத்திரத்துக்குள் புதைக்காமல் தனிக் கட்டத்தில் எழுதி வைக்கவும். சூத்திரத்தில் அக்கட்டத்தைக் குறிக்கும்போது எப் 4 சாவியை அழுத்தினால் டாலர் குறிகள் தோன்றும். சூத்திரம் எத்தனை வரி கீழே இறங்கினாலும் அக்கட்டத்தையே பார்க்க வேண்டும் என்பது அக்குறிகளின் பொருள். நாளை விகிதம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆயினும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: மாதந்தோறும் தனித் தாளும் தனி விகிதக் கட்டமும் வேண்டும். ஆண்டு முழுவதற்கும் ஒரே கட்டத்தை வைத்தால், விகிதத்தை மாற்றிய அன்றே பழைய மாதங்களின் கணக்கும் மாறிப்போகும்.

பட்டியல் முடிந்ததும் நம் முன்னோர் செய்த குறுக்குக் கூட்டலைக் கைவிடக் கூடாது. கையில் தரும் தொகைகளின் மொத்தமும் பிடித்தங்களின் மொத்தமும் சேர்ந்து மொத்தக் கூலிக்குச் சமமாக வேண்டும். அதன் பின் ஏதேனும் மூன்று வரிகளைப் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். முன்சொன்ன சங்கத்தில் குறுக்குக் கூட்டல் சரியாகவே இருந்திருக்கும். பிழையைக் காட்டியிருக்கக் கூடியது இந்த ஒப்பீடு ஒன்றே.

4. தேடலும் பிரித்தலும்

குறிப்பிட்ட வியாபாரியிடமிருந்து வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று நிர்வாகக் குழுவினர் கேட்டால், பட்டியலைப் பெயர்த்து எழுத வேண்டுவதில்லை. பில்டர் என்ற வசதியால் அவருடைய வரிகளை மட்டும் காட்டச் செய்யலாம். ஆனால் அப்போது சாதாரணக் கூட்டல் சூத்திரம் மறைந்துள்ள வரிகளையும் சேர்த்தே கூட்டும். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் கூட்டுவதற்குச் சப்டோட்டல் என்ற சூத்திரம் இருக்கிறது.

ரகவாரியாக எத்தனை சேலை, ஊர்வாரியாக எத்தனை மூட்டை என்று தொகுத்துக் காண்பதற்குப் பிவட் டேபிள் என்ற வசதி உதவும். கற்க ஒரு பிற்பகல் போதும்; ஆண்டறிக்கை தயாரிக்கும்போது பல நாள் உழைப்பை அது மிச்சப்படுத்தும். பேரவைக் கூட்ட அறிவிப்பை நானூறு அங்கத்தினருக்கு அனுப்ப வேண்டுமாயின், வேர்ட் மென்பொருளில் மெயில் மெர்ஜ் என்ற முறை உண்டு. கடிதம் ஒன்றை எழுதி அங்கத்தினர் பட்டியலோடு இணைத்தால், ஒவ்வொருவர் பெயரும் எண்ணும் முகவரியும் அமைந்த நானூறு கடிதங்கள் கிடைக்கும்.

5. விரல் பழக்கம்

சுட்டியை நாடாமல் விசைப்பலகையிலேயே செய்யக்கூடியவை சில. கண்ட்ரோல் சாவியோடு எஸ் அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும். இசட் அழுத்தினால் செய்த பிழை நீங்கும். எப் அழுத்தினால் தேடலாம். அம்புக்குறியை அழுத்தினால் பட்டியலின் கடைசிக்குச் செல்லலாம். ஆல்ட் சாவியோடு சமக்குறியை அழுத்தினால் கூட்டல் சூத்திரம் தோன்றும். கண்ட்ரோல் சாவியோடு அரைப்புள்ளியை அழுத்தினால் அன்றைய தேதி நிலையாகப் பதியும். இதற்குப் பதிலாக டுடே என்ற சூத்திரத்தை ரசீதில் எழுதுவோர் உளர். அது நாளைக்குத் திறந்தால் நாளைய தேதியைக் காட்டும். ரசீதுக்கு அது ஆகாது.

6. தமிழ் எழுத்து

பழைய எழுத்துருக்களில் எழுதிய பெயரை யூனிகோடில் தேடினால் கிடைக்காது. வரிசைப்படுத்தினாலும் ஒழுங்கு வாராது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றினும் கணினிக்கு அவை வெவ்வேறு. ஆகவே சங்கம் முழுவதும் யூனிகோடு ஒன்றையே கையாள்வது நலம். பழைய பட்டியல்களை ஒருமுறை மாற்றிச் சரிபார்த்துவிட்டால் பிறகு தொல்லையில்லை. 1999-இல் அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுவதும் எளிது.

7. காப்பு

மின்சாரம் நின்றால் என் கதி என்ன என்று ஒவ்வொரு கோப்பும் கேட்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பத்து வரிக்கு ஒருமுறை சேமிப்பது நல்வழக்கம். கோப்புக்குப் "புதிய பட்டியல்", "கடைசிப் பட்டியல்" என்றெல்லாம் பெயரிடாமல், "கூலி 2025-06" என்று ஆண்டையும் மாதத்தையும் இட்டால் அவை தாமே காலவரிசையில் நிற்கும். வாரந்தோறும் ஒரு பிரதியை வேறு கருவியிலும், மற்றொன்றைச் சங்கக் கட்டிடத்துக்கு வெளியேயும் வைத்தல் வேண்டும்.

பழைய கோப்பு வகையையும் விட்டொழிக்க வேண்டும். அவ்வகையில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா நோயாளர் எண்ணிக்கையை அவ்வகைக் கோப்பில் சேர்த்தபோது, எல்லைக்கு அப்பாற்பட்ட வரிகள் விடுபட்டு 15,841 பேர் உரிய காலத்தில் கணக்கில் சேராது போயினர். 2007 முதல் வந்துள்ள புதிய வகையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளுக்கு இடமுண்டு.

நிற்க. மேற்கூறிய யாவும் எழுத்தருக்கு மட்டும் உரியவை என்று அங்கத்தினர்கள் எண்ணலாகாது. முன்சொன்ன சங்கத்தில் பிழையைக் கண்டுபிடித்தவர் கணினி அறிந்தவரல்லர். தம் உழைப்பின் கணக்கை அறிந்தவர். அன்று வங்கிக்குச் செல்லவிருந்த பட்டியல் நிறுத்தப்பட்டுத் திருத்தப்பட்டது. அதன் பிறகு அச்சங்கத்தில் பணம் அனுப்புவதற்கு ஒரு நாள் முன்னதாகவே பட்டியலைப் பலகையில் ஒட்டுவது வழக்கமாயிற்று. ஒவ்வொரு சங்கமும் இதைப் பின்பற்றலாம். செலவு ஒரு தாள்தான். அங்கத்தினர்களும் பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைப் படிக்க வேண்டும். விரைவாகக் கணக்கிடுவது கணினியின் வேலை; சரிதானா என்று பார்ப்பது நம் எல்லோருடைய கடமை.