மொனாஸ்டரி கடற்கரை

மொனாஸ்டரி கடற்கரை என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கார்மல் நகருக்குத் தெற்கே அமைந்துள்ள ஒரு முக்குளிப்புத் தளமாகும். அருகில் கார்மலைட் கன்னியர் மடம் இருப்பதால் இப்பெயர் பெற்றது. உயிரிழப்புகள் பல நிகழ்ந்துள்ளதால் முக்குளிப்போர் இதைப் 'பிணவறைக் கடற்கரை' என்றும் அழைப்பர்.

ஆபத்தின் காரணம்

கார்மல் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. எனவே அலைகள் ஆழமற்ற நீரில் வலுவிழக்காமல் கரையிலேயே உடைகின்றன. கரையோ செங்குத்தான பருமணல். கால் வைத்தால் சரியும். விழுந்தவரைத் திரும்பும் நீர் உள்ளே இழுக்கும்.

நுழைதலும் வெளியேறுதலும்

பெரும்பாலோர் பாறைகளுள்ள இரு முனைகளின் வழியே இறங்குவர். முதலில் அலைகளைப் பொறுமையாகக் கவனித்து, அவை தணியும் இடைவெளியில் நுழைய வேண்டும். திரும்பும்போது எழுந்து நிற்க முயலாமல், மூச்சுக்கருவியை வாயிலிருந்து எடுக்காமல், அலை எட்டாத இடம்வரை தவழ்ந்தே ஏற வேண்டும்.

கெல்ப் காடு

இராட்சத கெல்ப் என்னும் பழுப்புப் பாசிக்கு உண்மையான வேர் இல்லை. பற்றுறுப்பால் பாறையைப் பிடித்து, காற்றுப்பைகளால் நிமிர்ந்து நிற்கிறது. உகந்த சூழலில் நாளொன்றுக்குச் சுமார் 60 செ.மீ. வளரும். மேற்பரப்பில் கூரைபோல் படர்வதால், அதற்கு அப்பால் மேலெழுவதற்குப் போதிய காற்றை மீதம் வைத்திருக்க வேண்டும். பாசியில் சிக்கினால் சுழலக்கூடாது. சுழன்றால் மேலும் இறுகும். அசையாமல் நின்று, துணைவரின் உதவியுடன் ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும்.

கடல் கொந்தளிக்கும் நாளில் இறங்காமல் திரும்புவதே இத்தளத்தின் முதல் பாடம்.