நேரம் தவறாத கணினி

கோலா கங்சாரில் பேராக் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாயோங், சுரைக்காய் வடிவக் கரிய மண்கூஜாவான லாபு சாயோங்குக்குப் பேர்போன ஊர். இன்று களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றியும் அதை வார்க்கிறார்கள். அந்த அச்சுக்கு வேண்டிய மூல வடிவத்தை மரத்தில் கடைய ஒரு சிறிய சிஎன்சி லேத், அதாவது கணினி இயக்கும் கடைசல் இயந்திரம் போதும். லேத்தை இயக்கும் மென்பொருளுக்கும் காசு தேவையில்லை. 1990களில் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து வளர்ந்த லினக்ஸ்சிஎன்சி இலவசமாகவே கிடைக்கிறது.

அதை நிறுவுவது எளிது. அதற்கேற்ற கணினியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாடுபட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். மோட்டாரை ஓட்டும் டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால், ஒரு சுற்றுக்குக் கணினி 1,600 துடிப்பு அனுப்ப வேண்டும். திருகுத்தண்டின் ஒரு சுற்று 5 மில்லிமீட்டர் என்றால், வினாடிக்கு 20 மில்லிமீட்டர் நகர 6,400 துடிப்பு வேண்டும். அதாவது சுமார் 156 மைக்ரோ வினாடிக்கு ஒன்று. அந்த நேரம் பார்த்துச் சாதாரண லினக்ஸ் வேறு வேலைக்குத் திரும்பினால் துடிப்பு தாமதமாகும், மோட்டார் படியைத் தவறவிடும். தவறியது கணினிக்குத் தெரியவே தெரியாது. சரியான இடத்தில் இருப்பதாக எண்ணி உளியைத் தப்பான இடத்தில் செலுத்திக்கொண்டே போகும்.

அதனால்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், நிகழ்நேரக் கெர்னலாக இருக்க வேண்டும். அவசர வேலை வந்ததும் மற்றதை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கும் இந்த ஏற்பாடு, பல்லாண்டு தனித் திருத்தமாக இருந்து, 2024இல் லினக்ஸ் 6.12 பதிப்பில் மூலக் கெர்னலோடு சேர்ந்தது. 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டில் நிகழ்நேரக் கெர்னல், லினக்ஸ்சிஎன்சி இரண்டுமே ஆயத்தத் தொகுப்புகளாக உள்ளன.

நிறுவியதும் லேத்தை இணைத்துவிடாதீர்கள். முதலில், துடிப்பு எவ்வளவு தாமதமாகக்கூடும் என்று அளக்கும் லினக்ஸ்சிஎன்சியின் தாமதச் சோதனையை ஓட விடுங்கள். கூடவே வீடியோ பாருங்கள், பெரிய கோப்புகளை நகலெடுங்கள், சாளரங்களை இழுத்துப் போடுங்கள். சராசரி எண்ணைப் பார்க்காதீர்கள். மிக மோசமான ஒரு தாமதம்தான் பொருளைக் கெடுக்கும். அது 20 மைக்ரோ வினாடிக்குள் இருந்தால் அருமை, 50 வரை பரவாயில்லை. 100ஐத் தாண்டினால் பேரலல் போர்ட் வழியே துடிப்பு அனுப்பும் ஆசையை விட்டுவிட்டு, துடிப்பைத் தானே உண்டாக்கும் மேசா போன்ற அட்டையை வாங்குங்கள்.

இந்தச் சோதனையில் விலையுயர்ந்த புதிய மடிக்கணினி தோற்று, பழைய மேசைக்கணினி வெல்வதுண்டு. மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதிகள் செயலியை உறங்க வைக்கும். அவற்றைப் பயாஸில் அணைத்துவிடலாம். தாய்ப்பலகையின் உள்மென்பொருளே குறுக்கிட்டால், அதை லினக்ஸாலும் தடுக்க முடியாது. வேறு கணினி பார்ப்பதே நல்லது.

அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் மென்பொருளை நம்பி விடாதீர்கள். அழுத்திய கணமே மோட்டார்களுக்குப் போகும் மின்சாரம் அறுபடும்படி ரிலே வைத்து இணையுங்கள்.