பாதி தெரிந்தால் முழுசும் தெரியுமா?

கூடைக்கு இந்தப் பக்கம் தாய்க்கோழியின் தலை, அந்தப் பக்கம் வால். நடுவே மறைந்திருக்கிறது. குஞ்சு அதை ஒரே கோழியாகத்தான் பார்க்குமா?

பார்க்கும்! கோழிக்குஞ்சு பொரித்ததும் கண்ணில் படுவதையே அம்மா என்று ஒட்டிக்கொள்ளும். 1995-ல் இத்தாலிய விஞ்ஞானிகள், நடுவில் கறுப்புப் பட்டை மறைத்த சிவப்பு முக்கோணத்தைக் காட்டி வளர்த்தார்கள். பிறகு முழு முக்கோணத்தையும், துண்டுபட்டதையும் வைத்தால், குஞ்சுகள் பெரும்பாலும் முழுசிடம்தான் போயின. புறாக்களோ இப்படிப்பட்ட சோதனைகள் பலவற்றில் கோட்டை விட்டன.

நம்ம குழந்தை? பிறந்தவுடன் இது வராது. மறைப்புக்குப் பின்னால் ஆடும் குச்சி ஒரே குச்சிதான் என்பது நாலாம் மாச வாக்கில் பிடிபடுகிறது. கண் பார்த்துப் பார்த்து, மூளை கற்கிறது.

பிறவிக் கண்புரையோடு வளர்ந்து, தாமதமாக ஆபரேஷன் ஆனவர்களை டெல்லியில் 'பிராஜக்ட் பிரகாஷ்' குழுவினர் ஆராய்ந்தார்கள். ஆரம்பத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த வடிவங்கள் அவர்களுக்குத் துண்டு துண்டாகவே தெரிந்தன. பொருள் அசைந்தால் கொஞ்சம் புரிந்தது. மாதங்கள் போகப் போகத்தான் தேறினார்கள்.

அதனால் கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தாலோ, மூணு மாசமாகியும் முகம் பார்க்காவிட்டாலோ, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடர்ந்த புரைக்கு முதல் இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்வதே நல்லது.

'சித்த வைத்தியரே இப்படிச் சொல்றாரே' என்கிறீர்களா? எங்க திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. அதில் வரும் 15 படுக்கை ஆதுலர் சாலையிலும் மருந்துக்கு ஒரு வைத்தியர், சல்லியக்கிரியைக்கு, அதாவது அறுவைக்கு, தனி ஆள்!

டாக்டர் பார்க்கும்வரை தாய்ப்பால், மூலிகைச் சாறு என்று எதையும் கண்ணில் விடாதீர்கள்.