நர்ஸ் வந்துபோன வரைக்கும்

குழந்தை குண்டாகாமல் இருக்க நர்ஸ் என்ன செய்ய முடியும்? சிட்னியின் தென்மேற்குப் பகுதியில் நடந்து, 2012-ல் முடிவு வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். முதல் குழந்தைக்காகக் காத்திருந்த 667 தாய்மார்கள். அதில் பாதிப் பேரின் வீட்டுக்கு நர்ஸ் போனார்: கர்ப்பத்தில் ஒரு தடவை, பிறகு குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை ஏழு தடவை. தாய்ப்பால், திட உணவை எப்போது ஆரம்பிப்பது, டிவியைக் குறைப்பது, ஓடியாட விடுவது என்று உட்கார்ந்து பேசினார்.

இரண்டு வயதில் அந்தக் குழந்தைகளின் பிஎம்ஐ சராசரியாக 0.29 குறைவு. அவ்வளவுதானான்னு தோணும். ஆனாலும் பலன்தான்.

ஐந்து வயதில் மறுபடி பார்த்தபோது அந்த வித்தியாசமும் இல்லை! நர்ஸின் பேச்சு வீண் என்று நான் நினைக்கவில்லை. அது ஒரு தடவை போட்டால் போதும்ங்கிற தடுப்பூசி இல்லை, தொடர்ந்து வரணும்.