அணையாத அடுப்பு

கோயில் என்றால் மூலஸ்தானத்தில் ஒரு விக்கிரகம் இருக்க வேண்டும் அல்லவா? ரோமாபுரியின் நடுநாயகமான ஃபோரம் சதுக்கத்தில் இருந்த வெஸ்டா தேவியின் கோயிலுக்குள் விக்கிரகமே கிடையாது. அங்கே எரிந்தது நெருப்பு. வெஸ்டா, அடுப்புக்கு அதிதேவதை! ஊருக்கெல்லாம் பொதுவான அந்த அடுப்பு அணைந்தால் ராஜ்யத்துக்கே கேடு என்று அஞ்சினார்கள்.

கோயில் வட்ட வடிவமானது. சுற்றிலும் உயர்ந்த பளிங்குத் தூண்கள். கிழக்கு பார்த்த வாசல். புகை போகக் கூரையில் ஒரு திறப்பு. ஆதி ரோமானியரின் வட்டக் குடிசைதான் பளிங்காக மாறிற்று என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஜூன் மாதத்தில் சில நாட்கள் மட்டும் குடும்ப ஸ்திரீகள் வெறுங்காலோடு வந்து தேவியை வழிபடுவார்கள்.

நெருப்பைக் காத்தவர்கள் ஆறு கன்னிகைகள். ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் பெற்றோரைப் பிரிந்து வர வேண்டும். பத்து ஆண்டு கற்பது, பத்து ஆண்டு பணி, பத்து ஆண்டு கற்பிப்பது. முப்பது ஆண்டு கழித்து விவாகம் செய்துகொள்ளலாம், செய்துகொண்டவர்கள் சொற்பம்.

மரியாதைக்குக் குறைவில்லை. சொந்தச் சொத்து உண்டு, உயில் எழுதும் உரிமை உண்டு. ஆனால் நெருப்பு அணைந்தால் சவுக்கடி! விரதம் தவறியதாகக் குற்றம் சுமந்தால், பூமிக்கடியில் ஓர் அறை. அதில் கட்டில், விளக்கு, சிறிது ரொட்டி, தண்ணீர். உள்ளே இறக்கி மண்ணை மூடிவிடுவார்கள். உணவு வைத்துவிட்டதால் பட்டினி போட்டுக் கொன்ற பாவம் சேராதாம். எவ்வளவு சௌகரியமான நியாயம், பாருங்கள்!

தலைமைக் கன்னிகையான கொர்னீலியாவின் வாக்குமூலத்தைக்கூடக் கேளாமல் டொமிஷியன் சக்கரவர்த்தி இப்படித் தண்டித்தான். இறங்கும்போது அவளுடைய ஆடை சிக்கிக்கொண்டது. கொலையாளி கை நீட்டினான். அவன் கை தன்மேல் படக் கூடாதென்று அவள் விலகிக்கொண்டாள். அக்காலத்தவரான பிளினி கடிதமொன்றில் இதை எழுதியிருக்கிறார்.

191-ல் கோயில் தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டுவித்தவளும் ஒரு பெண்ணே: சிரியாவில் பிறந்த ராணி ஜூலியா டோம்னா. 391-ல் தியோடோசியஸ் சக்கரவர்த்தி பழைய கோயில் வழிபாடுகளைத் தடைசெய்தான். சில ஆண்டுகளில் அடுப்பும் அணைந்தது. பளிங்கையெல்லாம் பிற்காலத்தார் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இன்று நிற்கும் சில தூண்கள், கிடைத்த துண்டுகளைக் கொண்டு 1930-களில் எழுப்பியவை.

பக்கத்திலேயே கன்னிகைகளின் மாளிகை. அதன் முற்றத்தில் அவர்களுடைய சிலைகள் நிற்கின்றன. 364-ஆம் ஆண்டுப் பீடம் ஒன்றில் புகழுரை அப்படியே இருக்க, பெயரை மட்டும் யாரோ செதுக்கி எடுத்துவிட்டார்கள். அவள் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்ததுதான் காரணம் என்று ஊகிக்கிறார்கள். மிஞ்சியிருப்பது பெயரின் முதல் எழுத்து ஒன்றே.